தனியே ஓடினால் காற்று தின்னும்: சைக்கிள் ரேஸை அணியாக ஓடப் பழகுவது

சித்திரைப் புத்தாண்டுக்கு எங்கள் ஊர்களில் நடக்கும் சைக்கிள் ஓட்டப் போட்டியைப் பார்த்திருப்பீர்கள். விசில் ஊதியதும் எல்லோரும் எழும்பி நின்று மிதிப்பார்கள், ஐந்து கிலோமீட்டர் போவதற்குள் பாதிப் பேருக்கு நாக்குத் தள்ளிவிடும், காலில் பலமுள்ள ஒருவர் கடைசிவரை முன்னுக்கு நின்று இழுத்துக்கொண்டே போவார், முடிவுக் கோட்டுக்கு இருநூறு மீட்டர் இருக்கும்போது அதுவரை அவருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்த மெலிந்த பெடியன் ஒருவன் விலத்திக்கொண்டு போய் வென்றுவிடுவான். "கள்ளன், பின்னுக்கே நிண்டு வெண்டிட்டான்" என்று சனம் ஏசும். ஏச வேண்டாம். அன்றைக்கு அந்த வீதியில் ரேஸ் ஓடத் தெரிந்த ஆள் அவன் ஒருவன்தான்.

வீதி ரேஸில் பெரும்பாலும் வெல்வது கடைசிக் கிலோமீட்டருக்கு வரும்போது காலில் மிச்சம் வைத்திருப்பவர். அந்த மிச்சத்தைத் தனி ஆளாகச் சேர்ப்பது கஷ்டம், அதற்குத்தான் அணி. டூர் டி பிரான்ஸில், அதாவது நாளுக்கொரு கட்டமாக மூன்று கிழமை ஓடும் பிரான்ஸின் பெரிய சைக்கிள் ரேஸில், ஓடும் தொழில்முறை அணிகள் இதை எப்படிச் செய்கின்றன, அதில் எதை எதை நாங்கள் பரந்தன் வீதியில் லுமாலா சைக்கிளை வைத்துக்கொண்டே பழகலாம் என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன். நாலு பேர் இருந்தால் போதும். பெண் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வன்னியில் பாடசாலைக்குச் சைக்கிள் மிதித்தே வளர்ந்தவர்களுக்கு அடிப்படை ஏற்கெனவே காலில் இருக்கிறது.

முதலில் காற்றைப் பாருங்கள்

தட்டையான வீதியில் வேகமாகப் போகும்போது நீங்கள் மிதிக்கும் பலத்தில் பெரும் பங்கு காற்றைத் தள்ளவே போய்விடுகிறது. வேகத்தை இரட்டிப்பாக்கினால் காற்றைத் தள்ளத் தேவையான சக்தி எட்டு மடங்காகும், அதனால்தான் மணிக்கு 20 கிலோமீட்டரில் சுகமாகப் போகிறவர் 40 இல் செத்துப்போகிறார். இன்னொருவரின் பின்சக்கரத்துக்குக் கிட்டப் போனால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மிச்சம். பெரிய கூட்டத்துக்கு நடுவில் இருந்தால் இன்னும் எவ்வளவோ மிச்சம். 2018 இல் பேர்ட் புளொக்கன் என்ற பேராசிரியரின் குழு 121 பேர் கொண்ட கூட்டம் ஒன்றைக் கணினியிலும் காற்றுச் சுரங்கத்திலும் வைத்து அளந்தது. நடுவிலும் பின்னாலும் பாதுகாப்பாக இருக்கும் ஓட்டக்காரருக்கு, தனியே ஓடுபவர் சந்திக்கும் காற்றுத் தடையில் 5 முதல் 10 சதவீதம்தான் மிஞ்சுகிறது என்று கண்டார்கள். அப்படியானால் 200 கிலோமீட்டர் ஓடிவிட்டு ஒருவர் எப்படிக் கடைசியில் அப்படிப் பாய்கிறார் என்பதில் ஆச்சரியம் இல்லை, அந்த 200 இல் பெரும்பகுதியை அவர் ஓடவே இல்லை என்று சொல்லலாம்.

ஆகவே ஓடுவதற்கு முன்னால் காற்று எந்தப் பக்கம் என்று பாருங்கள். கோயில் கொடி, பனை ஓலை, குப்பை எரிக்கும் புகை, எது அகப்படுகிறதோ அது. வைகாசியிலிருந்து ஆவணி வரைக்கும் எங்களுக்குச் சோளகம், தென்மேற்கிலிருந்து. மாரியில் வாடை, வடகிழக்கிலிருந்து. ஏ9 வீதியில் மாங்குளத்திலிருந்து பரந்தன் பக்கம் வடக்கே ஓடினால் சோளகம் இடப்பக்கப் பின்னாலிருந்து தள்ளும், திரும்பி வரும்போது அதே காற்று வலப்பக்க முன்னாலிருந்து முகத்தில் அறையும். போகும்போது "நான் இன்றைக்கு நல்லாய் ஓடுகிறேன்" என்று நினைக்கிறவர்கள்தான் திரும்பும்போது முறிகண்டியில் இறங்கிப் பிள்ளையாரைக் கும்பிடுகிற சாட்டில் மூச்சு வாங்குவது.

சக்கரம் பிடிக்கப் பழகுங்கள்

இரண்டு பேராகத் தொடங்குங்கள். ஒருவர் முன்னால் சீரான வேகத்தில் போகட்டும், மற்றவர் ஒரு சைக்கிள் நீளம் விட்டுப் பின்னால். பயம் தெளியத் தெளிய இடைவெளியைக் குறையுங்கள், ஒரு சக்கர அளவுக்கு வந்தாலே போதும். தொழில்முறைக்காரர் ஒரு சாண், இரண்டு சாண் தூரத்தில் போவதைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு முதல் கிழமையே அதைச் செய்துபார்க்க வேண்டாம்.

கண் முன்சக்கரத்தில் இருக்கக்கூடாது. முன்னால் போகிறவரின் இடுப்பையும் தோளுக்கு மேலாகத் தெரியும் வீதியையும் பாருங்கள், அவர் மிதிப்பதை நிறுத்தினால் இடுப்பு முதலில் சொல்லிவிடும். கிட்ட வந்துவிட்டால் பிரேக்கைத் தொடாதீர்கள். மிதிப்பதை இலேசாக்குங்கள், அல்லது ஒரு சாண் வெளியே வந்து நெஞ்சில் காற்று வாங்குங்கள், வேகம் தானாகக் குறையும். நீங்கள் பிரேக் பிடித்தால் உங்களுக்குப் பின்னால் வருபவர் இன்னும் பலமாகப் பிடிக்க வேண்டிவரும், ஆறாவது ஆள் வயலுக்குள் கிடப்பார்.

ஒன்றை மட்டும் சட்டமாக வைத்துக்கொள்ளுங்கள்: உங்கள் முன்சக்கரம் அவருடைய பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் போய் நிற்கக்கூடாது. அவர் ஒரு குழிக்கு விலகினால் இரண்டும் உரசும், அவருக்கு ஒன்றும் ஆகாது, விழுவது நீங்கள்தான்.

முன்னால் போகிறவருக்கு இன்னொரு வேலையும் உண்டு. பின்னால் இருப்பவர்களுக்கு வீதி தெரியாது, அவர்களின் கண் அவர். "குழி", "மாடு", "பஸ்" என்று ஒரு சொல்லில் கத்த வேண்டும், எந்தப் பக்கம் என்று கையால் காட்ட வேண்டும். ஐரோப்பாவில் வீதித் தடுப்புகளுக்கும் சுற்றுவட்டங்களுக்கும் கத்துகிறார்கள். எங்களுக்குக் கட்டாக்காலி மாடு, அறுவடை முடிந்த கையோடு தாரில் காயப் போட்டிருக்கும் நெல். நெல்லின் மேல் ரயர் ஏறினால் மணலில் ஏறியது மாதிரி வழுக்கும், அதற்கு மேல் நெல்லுக்காரரின் ஏச்சு வேறு.

மாறி மாறி இழுப்பது

சரி, நாலு பேர் வரிசையாகப் போகப் பழகிவிட்டீர்கள். இனி முன்னால் நிற்பவர் அரை நிமிடம் இழுத்துவிட்டு ஒரு பக்கம் விலகி, வேகத்தைச் சிறிது குறைத்து, வரிசையின் வாலுக்குப் போகட்டும். அடுத்தவர் முன்னால் வருவார். கேட்க இலேசு. செய்யும்போது எல்லோரும் ஒரே இடத்தில் கெடுப்பார்கள்: முன்னால் வந்ததும் வீரம் வந்து ஓங்கி மிதிப்பார்கள். உடனே வரிசை அறுந்துவிடும், இப்போதுதான் இழுத்துக் களைத்து வாலுக்குப் போனவர் எட்டிப் பிடிக்கமுடியாமல் தனியே காற்றில் நிற்பார். முன்னால் வரும்போது வேகம் மாறக்கூடாது. விலகிப் போகிறவர்தான் குறைக்க வேண்டும், வருபவர் கூட்டக்கூடாது. ஹாண்டிலில் மலிவான வேகமானி ஒன்று பூட்டினால் இந்தப் பாடம் கெதியில் வரும்.

பலமானவர் வேகமாக இழுக்கத் தேவையில்லை, அதே வேகத்தில் கூட நேரம் இழுக்கட்டும். பலவீனமானவர் பத்து விநாடி இழுத்துவிட்டு விலகட்டும், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

பக்கக் காற்று: ஏ35 சொல்லித் தரும் பாடம்

ஆகச் சுவாரசியமான இடம் இதுதான். இதற்கு எங்களிடம் உலகத் தரமான மைதானம் இருக்கிறது என்பது எத்தனை பேருக்குத் தெரியுமோ. பரந்தனிலிருந்து தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு என்று முல்லைத்தீவுக்குப் போகும் வீதி கிழக்கும் தென்கிழக்குமாகக் கிடக்கிறது. சோளகம் அடிக்கும் பின்னேரத்தில் அதில் ஓடினால் காற்று சரியாக வலப்பக்கத்திலிருந்து வரும், வயல்வெளியில் மறைப்பு என்று ஒன்றும் இருக்காது.

வலப்பக்கத்திலிருந்து காற்று வரும்போது முன்னால் போகிறவருக்கு நேர் பின்னால் போய்ப் பயனில்லை, மறைப்பு அவருடைய இடப்பக்கப் பின்னால் விழும். ஆகவே முதல் ஆள் காற்றுப் பக்கம் தள்ளி ஓட வேண்டும், அடுத்தவர் அவருக்கு இடப்பக்கம் சற்றுப் பின்னால், அதற்கடுத்தவர் இன்னும் இடப்பக்கம். மேலிருந்து பார்த்தால் வீதிக்குக் குறுக்கே சரிந்த ஒரு கோடு. இங்கேதான் விஷயம்: வீதியின் அகலம் முடிந்ததும் கோடும் முடிந்துவிடும். பத்துப் பேருக்குத்தான் இடம் என்றால் பதினோராவது ஆளுக்கு மறைப்பே இல்லை, அவர் வீதியின் ஓரத்தில் நேர்கோடாக நிற்பார், ஐந்து நிமிடத்தில் அறுந்து போவார், அவருக்குப் பின்னால் நின்ற அத்தனை பேரும் அவரோடு சேர்ந்து அறுந்து போவார்கள். பலமான அணி ஒன்று இதை வேண்டுமென்றே செய்யும். வீதி திரும்பிக் காற்று பக்கவாட்டில் வரப்போகும் இடத்தை வரைபடத்தில் முதல்நாளே குறித்துவைத்து, அந்தத் திருப்பத்துக்கு முன்னால் எட்டுப் பேரும் முன்னுக்கு வந்து, திரும்பியதும் ஓங்கி மிதிப்பார்கள்.

2013 டூர் டி பிரான்ஸின் 13 ஆவது கட்டம், சன்-அமான்-மொன்ரொன் நகருக்குப் போனது, மலையே இல்லாத தட்டைப் பாதை. எல்லோரும் சும்மா ஒரு ஸ்பிரிண்ட் நாள், கடைசிப் பாய்ச்சலில் முடியும் நாள், என்று இருந்தார்கள். காற்றில் முதலில் கூட்டம் பிளந்தது, மொத்த நேரக் கணக்கில் இரண்டாம் இடத்தில் இருந்த வல்வெர்டேயின் சக்கரம் அந்த நேரம் பார்த்துப் பழுதாகி அவர் பத்து நிமிடத்துக்குக் கிட்ட இழந்தார். பிறகு கொன்டடோரின் அணி இன்னொரு தடவை வெட்டியது, 14 பேர் மட்டும் முன்னால் போனார்கள். மொத்த நேரத்தில் முதலாவதாக நின்று மஞ்சள் சட்டை போட்டிருந்த புரூமுக்கு அந்த இடைவெளி தொடங்கும்போது சில மீட்டர்தான். அவரால் தாண்ட முடியவில்லை. முடிவில் 1 நிமிடம் 9 விநாடி போனது. அதுவரை மலையில் அவரிடமிருந்து பத்து விநாடி எடுக்க மற்றவர்கள் திணறிய டூர் அது.

எங்கள் வீதியில் ஒரு எச்சரிக்கை. அவர்களுக்கு வீதி முழுவதும் மூடப்பட்டிருக்கும், எங்களுக்கு எதிரே பஸ் வரும். வீதியின் இடது பாதிக்குள் மட்டும் கோடு போடுங்கள், அதில் மூன்று நாலு பேருக்குத்தான் இடம் என்றால் மூன்று நாலு பேரோடு நிறுத்துங்கள். இன்னும் நல்லது, வாய்க்கால் ஓரக் கிரவல் வீதிகளில் வாகனம் இல்லாத நேரம் பார்த்துப் பழகுவது. சில்லு கொஞ்சம் துள்ளும், ஆனால் உயிர் மிஞ்சும்.

யாருக்காக ஓடுகிறோம்

டூரில் 2018 முதல் ஓர் அணிக்கு எட்டுப் பேர். அந்த எட்டுப் பேரும் வெல்ல வரவில்லை. ஒருவர் தலைவர், ஆகக் குறைந்த மொத்த நேரத்துக்கான மஞ்சள் சட்டைக்கு ஓடுபவர். மலையில் அவருக்கு வேகம் பிடித்துக் கொடுக்க இரண்டு மூன்று பேர். தட்டையில் நாள் முழுக்கக் காற்றில் நின்று இழுக்கத் தடித்த கால்காரர் இரண்டு பேர். ஸ்பிரிண்டர் இருந்தால் அவருக்கு இழுத்துக் கொடுக்க ஆள். எல்லோருக்கும் தண்ணீர் வேண்டும், அதற்கு ஒருவர் பின்னால் அணிக் காருக்குப் போய்ப் போத்தல்களைச் சட்டைக்குள் முதுகிலும் நெஞ்சிலும் திணித்துக்கொண்டு மறுபடி முன்னுக்கு ஏறி வருவார். பரிசுப் பணத்தை அணிக்குள் பங்கிடுவது வழக்கம், ஆகவே இது தியாகம் மட்டும் இல்லை, தொழிலும்தான்.

தியாகம் என்றாலும் உண்டு. 1934 இல் பிரெஞ்சு அணியில் ரெனே வியத்தோ என்ற 20 வயதுப் பெடியன் மலையில் எல்லோரையும்விட நன்றாக ஏறினான். அணித் தலைவர் அந்தோனின் மன்ய விழுந்து சக்கரம் உடைந்தபோது தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, உதவி வண்டி வரும்வரை வீதியோரச் சுவரில் உட்கார்ந்து அழுதான். அந்தப் படம் இன்றைக்கும் பிரபலம். அடுத்த நாள் மறுபடி மன்யவுக்குச் சைக்கிள் பழுது. முன்னால் போய்விட்ட வியத்தோ திரும்பி மலையில் ஏறிவந்து தன் சைக்கிளையே கொடுத்தான். மன்ய டூரை வென்றார், வியத்தோவுக்கு ஐந்தாம் இடம்.

2022 இல் வவுட் வான் ஆர்ட் செய்தது இதைவிடத் தந்திரமானது. ஒட்டக்காம் மலையில் முடியும் 18 ஆவது கட்டத்தில் அவர் தொடக்கத்திலேயே முன்னால் போன குழுவில் ஏறிக்கொண்டார். பின்னால் விங்ககோரும் எதிரணித் தலைவர் பொகச்சாரும் தனித்து மோதிக்கொண்டு மேலே வந்தபோது, வான் ஆர்ட் அங்கே வழியில் இருந்தார். தன் தலைவர் விங்ககோருக்கு முன்னால் நின்று அவர் வேகம் வைத்தார், பொகச்சார் அறுந்தார். ஆளை முன்கூட்டியே முன்னால் அனுப்பிவைப்பது என்றால் இதுதான்.

உங்கள் நாலு பேருக்கு இதெல்லாம் எப்படி? ரேஸுக்கு முதல்நாள் உட்கார்ந்து கதையுங்கள். கடைசியில் ஆக வேகமாகப் பாயக்கூடியவர் யார்? அவர் தலைவர், கடைசி வரை ஒரு தடவைகூட முன்னுக்கு வந்து இழுக்கக்கூடாது. அவருக்கு ரியூப் வெடித்தால் யார் சைக்கிளைக் கொடுப்பது? இதை வீதியில் தீர்மானிக்க முடியாது, முதலே பேர் சொல்லி முடிவெடுங்கள். சீற் உயரம் ஏறக்குறைய ஒத்துப்போகிறவராக இருந்தால் நல்லது. பின்னால் மோட்டார் சைக்கிளில் தண்ணீரோடு வருகிற அண்ணையிடம் ஒன்றைச் சொல்லிவைக்க வேண்டும்: அவர் பின்னாலேயே வரவேண்டும். முன்னால் வந்து மறைப்புக் கொடுத்தால் அது களவு, போட்டியிலிருந்து தூக்கிவிடுவார்கள்.

மலையைப் பற்றி எழுதி என்ன செய்வது, எங்களிடம் மலை இல்லை. ஏற்றத்தில் வேகம் குறைவதால் மறைப்பின் பயனும் குறைகிறது, அதனால் அணிக்காரர் ஒவ்வொருவராக உதிர்ந்து கடைசியில் தலைவர்கள் மட்டும் நிற்பார்கள், அவ்வளவு தெரிந்தால் பார்க்கப் போதும்.

முன்னால் போகும் குழு

தொடக்கத்திலேயே நாலைந்து பேர் பிரிந்து போவார்கள், பெரிய கூட்டம் பேசாமல் விட்டுவிடும். புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு இது விளங்காது. கூட்டம் அவர்களைப் பிடிக்க முடியாமல் விடவில்லை, எப்போது பிடிப்பது என்று கணக்குப் பார்க்கிறது. பிரெஞ்சு விளையாட்டுச் செய்தியாளர் ரொபேர் ஷப்பாத்தின் பேரில் ஒரு வாய்ப்பாடு உண்டு: 10 கிலோமீட்டருக்கு ஒரு நிமிடம். 30 கிலோமீட்டர் மிச்சம் இருக்கும்போது தப்பியவருக்கு மூன்று நிமிடத்துக்கு மேல் இருந்தால் பிடிப்பது கஷ்டம். எப்போதும் சரிவராது, ஆனால் பார்க்கும்போது கணக்குப் போட நல்ல கருவி. முன்னால் போன குழுவில் தங்கள் ஆள் ஒருவர் இருக்கும் அணி பின்னால் இழுக்காது. இழுக்க வேண்டிய தேவை ஆள் இல்லாத அணிக்குத்தான்.

அந்தச் சிறு குழுவுக்குள் நடப்பது முந்நூற்றிநாலு சீட்டாட்டம் மாதிரி. துரும்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு முகத்தில் ஒன்றும் காட்டாமல் இருக்க வேண்டும். களைத்தவர் மாதிரி தலையைத் தொங்கப் போடுவார் ஒருவர், தன் முறைக்கு முன்னால் வராமல் "எனக்குக் கால் பிடிச்சிட்டுது" என்பார், கடைசி இரண்டு கிலோமீட்டரில் அந்தக் கால் எங்கிருந்தோ உயிர் பெற்று வரும். ஒருவர் இழுக்கவில்லை என்றால் முதலில் கேளுங்கள், பின்னால் அவருடைய கூட்டாளி துரத்தி வருகிறாரா? வந்தால் அவருக்கு இழுக்காமல் இருக்க நியாயம் உண்டு, கோபிக்க வேண்டாம். வராவிட்டால் அவருக்குப் பின்னால் நீங்கள் போய் ஒட்டிக்கொள்ளுங்கள்.

உங்கள் அணியில் இரண்டு பேர் முன்னால் இருந்தால் இன்னும் வசதி. ஒருவர் பாயட்டும், எதிராளி துரத்திப் பிடிக்கட்டும், பிடித்து மூச்சு விடுமுன் மற்றவர் பாயட்டும். 2022 டூரில் கலிபியே மலையில் ஒரே அணிக்காரரான ரொக்லிச்சும் விங்ககோரும் பொகச்சாருக்கு இதைத்தான் செய்தார்கள். அவர் ஒவ்வொரு தடவையும் தானே துரத்தினார், அவருடைய ஆட்கள் யாரும் பக்கத்தில் இல்லை. அதே நாள் கடைசி மலையான கிரனோனில் அவருக்குக் கால் நின்றது, 2 நிமிடம் 51 விநாடி இழந்து மஞ்சள் சட்டையையும் விட்டார்.

முன்னால் எத்தனை பேர் என்று எண்ணிக்கொண்டே இருங்கள். 2021 டோக்கியோ ஒலிம்பிக்கின் பெண்கள் வீதி ரேஸில் ஆஸ்திரியாவின் அன்னா கீசன்ஹோபர், கணிதத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றவர், தொழில்முறை அணி ஒப்பந்தம் எதுவும் இல்லாதவர், தொடக்கக் குழுவிலேயே போய், 40 கிலோமீட்டர் அளவு இருக்கும்போது கூட இருந்தவர்களையும் விட்டுவிட்டுத் தனியே போனார். ஒலிம்பிக்கில் அணிக் காரிலிருந்து செய்தி சொல்லும் வானொலி காதில் இல்லை. ஆகப் பலமான நெதர்லாந்து அணிக்காரர் மற்ற இருவரைப் பிடித்ததும் எல்லோரையும் பிடித்துவிட்டோம் என்று நினைத்தார்கள். வான் வ்லூட்டன் கையைத் தூக்கிக்கொண்டு கோட்டைத் தாண்டினார், அது இரண்டாம் இடம். ஊர் ரேஸில் வானொலிக்கு எங்கே போவது? வீதியோரம் நிற்கும் சனத்திடம் "முன்னுக்கு எத்தினை பேர்?" என்று கத்திக் கேளுங்கள், சரியாகச் சொல்வார்கள்.

கடைசிக் கிலோமீட்டர்

வரிசையில் தலைவர் ஆகக் கடைசி. முதல் ஆள் ஒரு கிலோமீட்டரிலிருந்து இருப்பதையெல்லாம் கொட்டி இழுத்துவிட்டு விலகுவார், இரண்டாமவர் 500 மீட்டருக்குக் கிட்ட வரைக்கும், மூன்றாமவர் 200 வரைக்கும், பிறகு தலைவர் தனியே பாய்வார். மூன்றாம் ஆள்தான் இதில் முக்கியமானவர். 2009 டூரின் கடைசி நாள், பாரிஸ் சாம்ஸ் எலிசேயில், மார்க் ரென்ஷா கவென்டிஷுக்கு அவ்வளவு நன்றாக இழுத்துக் கொடுத்ததில் கவென்டிஷ் முதலாவதாகவும் ரென்ஷா இரண்டாவதாகவும் வந்தார்கள். டூரில் 35 கட்டங்கள் வென்று சாதனை வைத்திருக்கும் கவென்டிஷ், இப்படியானவர்களின் சக்கரத்தில்தான் அதில் பெரும் பங்கை வென்றார்.

முடிவு எதிர்க்காற்றில் என்றால் பிந்திப் பாயுங்கள், 150 மீட்டர் போதும். காற்று முதுகில் என்றால் முந்திப் பாயலாம், பின்னால் இருப்பவருக்கு உங்கள் மறைப்பால் வரும் லாபம் குறைவு. சோளக காலத்தில் கிளிநொச்சி நகர் நோக்கித் தெற்கே முடியும் ரேஸில் 400 மீட்டரில் பாய்கிறவரைப் பார்த்தால், போகவிடுங்கள், திரும்ப உங்கள் கைக்கு வருவார்.

சாப்பாடு சுருக்கமாக: ஒரு மணித்தியாலத்துக்கு மேல் என்றால் தாகம் வருமுன் குடியுங்கள், உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணீர் நல்லது. பொக்கற்றில் கதலிப் பழமும் பனங்கட்டித் துண்டும். டூர்க்காரரும் சட்டைப் பையில் சோற்றுக் கட்டிகளும் வைத்திருக்கிறார்கள். தலைக்கவசம் இல்லாமல் கூட்டமாக ஓடவே வேண்டாம்.

இனி என்ன செய்வது

ஆடி மாதத்தில் டூர் கட்டங்கள் பெரும்பாலும் எங்கள் நேரம் இரவு எட்டரை, ஒன்பது மணியளவில் முடியும். கடைசி ஒரு மணித்தியாலம் பாருங்கள். யார் வெல்கிறார் என்பதை விட்டுவிட்டு, யார் இழுக்கிறார்கள், எந்தச் சட்டை, ஏன் அந்த அணி, என்று மட்டும் பாருங்கள்.

பிறகு ஞாயிறு காலை நாலு பேர், இரண்டு சோடி, வாகனம் குறைந்த ஒரு பத்துக் கிலோமீட்டர். ஒவ்வொரு சோடியும் வெல்ல வேண்டியவர் யார் என்று இரகசியமாகத் தீர்மானிக்கட்டும். அந்த ஆள் முதலாவதாக வந்தால்தான் வெற்றி, கூட்டாளி முதலாவதாக வந்தால் தோல்வி. முடிந்ததும் தேத்தண்ணிக் கடையில் இருந்து, எதிர்ச் சோடியில் யாருக்காக யார் ஓடினார் என்று நீங்கள் எந்த இடத்தில் கண்டுபிடித்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள். கண்டுபிடிக்கப்பட்டவர் தேத்தண்ணிக் காசு கொடுக்கட்டும். அடுத்த ஞாயிறு சோடியை மாற்றுங்கள்.